கம்பம்மெட்டில் நீ நிறுத்திய ஜீப்

பாண்டி, முதலில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார். உன்னிடம் நேரில் எதையாவது சொல்லத் தொடங்கினால், நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ வண்டியை ஸ்டார்ட் செய்துவிடுவாய். டீசல் அடிக்க வேண்டும் என்பாய், டயருக்குக் காற்று பார்க்க வேண்டும் என்பாய். கல்யாண வீட்டில் இப்போது தனியாகப் பேசவும் வழியில்லை. வாசலில் பந்தல்காரர், அடுப்படியில் உன் அத்தைமார், நடு வீட்டில் உன் அப்பாவும் அவருடைய வாழைமண்டிக் கூட்டாளிகளும். அதனால்தான் பத்தாம் வகுப்போடு மூட்டை கட்டி வைத்த என் எழுத்தை இன்றைக்கு அவிழ்க்கிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கவிதாவிடம் காட்டித் திருத்தச் சொல்லாதே. மாமியார் என்ற மரியாதை ஒரு மாதமாவது நிற்க வேண்டும்.

நேற்று ஜீப் ஸ்டாண்டில் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாய். போகும்போது முகத்தில் இருந்த சிரிப்பு திரும்பி வரும்போது இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாய். பத்திரிகையை வாங்கிக்கொண்ட ராசு, மற்ற டிரைவர்கள் முன்னால், "பயந்தாங்கொள்ளி வீட்டுக் கல்யாணமா? வாரேன் மாப்ள. பந்தியில பாதியில எந்திரிக்கச் சொல்லிற மாட்டியே?" என்று கேட்டதாக, நம் வண்டியில் வேலைக்கு வருகிற பேச்சியம்மாள் வந்து சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் மட்டும், "கல்யாணம் முடிஞ்சதும் ஜீப்ப வித்துருவோம்ப்பா. திருப்பூருப் பக்கம் போயிர்றேன்" என்றாய். சுவருக்கு அந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன், தூங்கவில்லை.

வண்டி உன்னுடையது. விற்க வேண்டும் என்றால் விற்றுக்கொள், நான் குறுக்கே படுக்க மாட்டேன். ஆனால் ராசு சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக விற்காதே. அந்த வார்த்தை உனக்கு என்ன கெடுதல் செய்தது என்று உனக்குத் தெரியும். என்ன நல்லது செய்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தாலி கட்டுவதற்கு முன்னால் நீயும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உத்தமபாளையத்துக்காரர் ஒருவரிடமிருந்து அந்த ஜீப்பை நீ வாங்கிக்கொண்டு வந்த அன்று, உன் அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உனக்கு அண்ணன் இல்லைன்னு வருத்தப்பட்டியே, இந்தா வந்துட்டான்" என்றார். உன்னைவிட மூத்த வண்டிதான். கதவுக்குப் பதில் தார்ப்பாய், ஹாரனுக்குப் பதில் உன் தொண்டை. ஆனாலும் தோட்ட வேலைக்குப் போகிற எங்களை அதில் ஏற்றிக்கொண்டு நீ முதன்முதலில் கம்பம்மெட்டு மலை ஏறினாயே, அன்றைக்கு வழியெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்த உன் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அத்தனை வருடம் யார் யாரோ ஓட்டிய ஜீப்பில் இடுக்கிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவள் நான். அன்று டிரைவரின் அம்மா என்ற அதிகாரத்தில் முன்சீட்டில் இடது ஓரம் எனக்குக் கிடைத்தது. அந்த இடத்தை இன்றுவரை யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

நம் ஸ்டாண்டில் ஒரு பழக்கம் உண்டு, அது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். சாயங்காலம் மலை உச்சியில் இருந்து இறங்கும்போது பல டிரைவர்கள் வண்டியை நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். டீசல் மிச்சம், வண்டியும் தானாக உருண்டு கீழே வந்துவிடும் என்பது கணக்கு. அப்புறம் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே வர வேண்டும். அடிவாரம் வருவதற்குள் சக்கரம் அடுப்பாகிவிடும். வழியில் ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்தில் நிறுத்தி, கொதிக்கிற பிரேக் டிரம்மின் மேல் வாளி வாளியாக ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்புவதைப் பார்த்து நாங்களும் ரசித்திருக்கிறோம். அப்படித் திடீரென்று குளிர்ந்தால் டிரம் கோணிப்போகும், வெடிப்பு கூட விடும், அதனால்தான் பெடலை மிதித்தால் காலுக்கடியில் துடிக்கிறது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ ஏறின கியரிலேயே இறங்குவாய். எஞ்சின் உறுமிக்கொண்டே வரும். ராசுவின் ஜீப் நம்மைத் தாண்டிப் பறக்கும்போது நம் வண்டியில் இருக்கிற பெண்கள் உன்னைத் திட்டாத நாள் இல்லை.

உனக்கு அந்தப் பெயர் விழுந்த மழைக்காலத்தில்தான் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நேர்ரோட்டில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஓரத்துக்குப் போகும். "ஒன் வண்டிக்கு டீக்கடை இருக்க பக்கமே புத்தி போகுதேடா" என்றாள் பேச்சியம்மாள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டயர் தேய்மானம் என்று ஒருவர், ரோடே சரிவு என்று ஒருவர். நான் என் பங்குக்கு, கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் வாங்கி வந்து இடது சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். நீ அதன்மேல் ஏற்றி நசுக்கினாய். அப்புறமும் வண்டி இடது பக்கமே போனதும், "பழம் நல்லா சாறுள்ள பழந்தாம்மா" என்றாய். அந்தக் கிண்டலை நான் மறக்கவில்லை.

ஆனால் நீ அதைத் தேடிய விதத்தை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். முதலில் காற்று பார்த்தாய். இரண்டு முன்டயரையும் பக்கம் மாற்றிப் போட்டாய். கோளாறு டயரில் இருந்தால் இழுப்பும் பக்கம் மாற வேண்டும் என்றாய். மாறவில்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தாய். ஆட்டம் இல்லை, அப்படியானால் பேரிங் நன்றாக இருக்கிறது என்றாய். ஒன்றை விலக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டாய். எதையும் யூகத்தில் கழற்றிப் போடவில்லை. உனக்கு இந்தப் பொறுமை யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. உன் அப்பா பூட்டு திறக்கவில்லை என்றால் கதவை உடைக்கிற ஆள். நான் அவருக்குச் சுத்தியல் எடுத்துக் கொடுக்கிற ஆள்.

அப்போதுதான் எனக்கு அந்த வாடை வந்தது. முன்சீட்டு இடது ஓரத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் வந்தது. "ஏலே, ஏதோ கருகுதுடா, தேங்கா நாரு தீயிற மாதிரி" என்றேன். வேறு டிரைவராக இருந்தால், வாயை மூடிக்கொண்டு வா என்றிருப்பான். நீ உடனே ஓரம் கட்டினாய். இறங்கி, புறங்கையைச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமலே சூடு பார்த்தாய். மூன்று சக்கரம் இளஞ்சூடு. இடது முன்சக்கரம் மட்டும் கையைக் கிட்டே வைக்க முடியவில்லை. பிரேக்கை விட்ட பிறகும் அந்தச் சக்கரத்தை மட்டும் அது விடாமல் கவ்விக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அந்தப் பக்கமே இழுக்கிறது என்று சொன்னாய். கம்பத்தில் மெக்கானிக்கிடம் காட்டினாய். அவர் டிரம்மைக் கழற்றி, பிரேக் ஷூவைத் தளர்த்தி, வீல் சிலிண்டரைப் புதிதாக மாற்றிப் போட்டார். சில நாள் ஒழுங்காக ஓடியது. எல்லோரும் நிம்மதியானோம்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ டிரைவர் பக்கத்தில் இருந்து பார்த்தாய். நான் பார்த்ததைக் கேள்.

காயெடுப்பு முடிந்து தோட்டத்தில் இருந்து திரும்புகிறோம். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. வழியில் ஒரு சரிவில் நீ பிரேக் மிதித்ததும் வண்டி வலது பக்கம் வெட்டியது. இத்தனை நாள் இடது பக்கம் இழுத்த வண்டி இன்றைக்கு ஏன் இந்தப் பக்கம் போகிறது என்று நான் உன் முகத்தைப் பார்த்தேன். உன் முகம் மாறிவிட்டிருந்தது. கம்பம்மெட்டு உச்சி வரை நடக்கிற வேகத்தில் வந்தாய். டீக்கடை ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்தாய். இடது முன்சக்கரத்தில் இருந்து லேசாகப் புகை வந்தது. "எல்லாரும் எறங்கிருங்க. இந்த வண்டி இப்பக் கீழ போகாது" என்றாய்.

அடேயப்பா, என்ன சத்தம்! "மழ வரப்போகுது, வீட்டுல புள்ளைக ஒத்தையில கெடக்கும்", "நேத்து வரைக்கும் போச்சுல்ல, இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?", "மெதுவா உருட்டிக்கிட்டுப் போனா என்ன?" பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பி, "ஆத்தா, ஒம்மகன்கிட்ட நீயாச்சும் சொல்லு" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நீ சொன்னது சரியா தவறா என்று எனக்கு அந்த நேரம் தெரியாது. ஆனால் நீ ஸ்டீயரிங்கில் இருந்து எடுத்த கை நடுங்கியதை நான் பார்த்தேன். சின்ன வயதில் இருந்து கிணற்றில் குதித்தவன், பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கியவன் நீ. உன் கை நடுங்கினால் அதற்குக் காரணம் இருக்கும். நான் முதல் ஆளாக இறங்கினேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து ராசு வந்து சேர்ந்தான். அவன் வண்டியிலும் ஏற்கெனவே நிறைய ஆள். "என்ன மாப்ள, எறங்கப் பயமா இருக்கா?" என்று சிரித்தான். "வாங்கத்தா எல்லாரும். நாளையில இருந்து என் வண்டிக்கே வந்துருங்க. இவன நம்பி இங்கன நின்னா விடிஞ்சுரும்." நம் வண்டிப் பெண்கள் அதில் ஏறினார்கள். உட்கார இடமில்லாமல் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும் போனார்கள். நீ ஓடிப்போய், "ராசண்ணே, இம்புட்டு ஆள வச்சுக்கிட்டு நியூட்ரல்ல விட்றாதீக" என்று கெஞ்சினாய். அவன் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அத்தனை பேரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததால்தான் உன் பேச்சு எடுபடாமல் போயிற்று. அவர்களுக்கு ஒரு கீறல் விழவும் நாம் ஆசைப்படவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்காமல் போனால், நடக்காமல் பார்த்துக்கொண்டவனுக்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று அன்று எனக்குப் புரிந்தது.

நீயும் நானும் மட்டும் மேலே நின்றோம். டீக்கடைச் சேட்டன் பாவம், உதவி செய்கிற நினைப்பில் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். "வேண்டாம் சேட்டா, தானா ஆறட்டும்" என்று வாங்கி வைத்தாய். ஆறிய பிறகு சக்கரத்தைத் தூக்கினாய். கையால் சுற்றினால் சுற்றவில்லை. "சூடேறிச் சூடேறி இடது பக்கப் பிரேக்கு செத்துப் போச்சும்மா. மிதிச்சா இப்ப வலது பக்கம் மட்டுந்தான் புடிக்குது. அதான் அந்தப் பக்கம் வெட்டுது" என்றாய். அப்படியே இறங்கியிருந்தால் எந்த வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று நீ சொல்லவில்லை. பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாய். என் வாழ்நாளில் முதல் முறை. "அழுத்தும்மா", "விடும்மா", இவ்வளவுதான் எனக்கு வேலை. நான் பெடலை விட்ட பிறகும் சக்கரம் இறுகியே இருந்தது. சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்தாய். பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் லேசாகச் சுற்றியது. மறுபடி மூடி, மறுபடி மிதிக்கச் சொன்னாய். மறுபடி இறுகியது. இந்த முறை நிப்பிளைத் தொடாமல், அதற்கு முன்னால் இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேருகிற இடத்தைத் தளர்த்தினாய். ஆயில் கசிந்தது, சக்கரம் அசையவில்லை. நிப்பிளைத் திறந்ததும் விட்டுவிட்டது. அப்போது நீ என்னைப் பார்த்தாயே ஒரு பார்வை! "ஹோஸுதாம்மா! வெளிய நல்லா இருக்கு, உள்ள ஊதி அடைச்சுக்கிச்சு. மிதிச்சா ஆயில் போகுது, விட்டா திரும்பி வர மாட்டேங்குது." நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. கையெல்லாம் கிரீஸ், மூக்கில் கரி, அந்தக் கோலத்தில் உன்னைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பெடலில் கால் இருந்ததால் பிடிக்கவில்லை.

கம்பத்துக்குப் போன் செய்து, மேலே வருகிற பஸ்ஸில் ஹோஸ் கொடுத்துவிடச் சொன்னாய். ஒன்று போதுமே என்று நான் கேட்டேன். இரண்டும் ஒரே வயது, இதற்கு வந்தது நாளைக்கு அதற்கும் வரும் என்று இரண்டு பக்கத்துக்கும் வாங்கினாய். கண்ணாடி போல மினுமினுத்துக் கிடந்த பிரேக் ஷூ லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்தாய். காற்றெல்லாம் வெளியேறும் வரை என்னைப் பெடல் மிதிக்க வைத்தாய். என் முழங்கால் அந்த வாரம் முழுக்க வலித்தது, உன்னிடம் சொல்லவில்லை. ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் சூடு பார்த்துவிட்டுத்தான் என்னை ஏற்றினாய். நாம் இரண்டு பேர் மட்டும் இறங்கி வந்தோம். வண்டி நேராகப் போயிற்று.

மறுநாள் விடியலில் ஸ்டாண்டில் நம் ஜீப்புக்கு நான் ஒருத்திதான். பேச்சியம்மாள் ராசுவின் வண்டியில் உட்கார்ந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு நீ மலை ஏறினாய். அப்படிச் சில நாள் போயிற்று. பிறகு ஒரு காலையில், அந்தப் பழைய ஹோஸை பிளேடால் பாதி வரை நெடுக்காகக் கீறிக்கொண்டு வந்து பெண்களிடம் கொடுத்தாய். கை மாறி மாறிப் போயிற்று. பேச்சியம்மாள் விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் கீறாத முனையில் நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. "ஏண்டா, இத மொதல்லயே வெட்டிக் காட்டியிருந்தா நாங்க ஏண்டா அவன் வண்டிக்குப் போறோம்?" என்று உன்னையே திட்டிக்கொண்டு நம் வண்டியில் ஏறினாள். ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். இப்போது நம் பெண்கள் மெட்டு உச்சியில் இறங்கி, சக்கரத்துக்குப் புறங்கை காட்டிச் சூடு பார்க்காமல் எந்த வண்டியிலும் மலை இறங்குவதில்லை. மற்ற டிரைவர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். அது நீ பழக்கிவிட்டது, பாண்டி.

ஆனால் ராசு வைத்த பெயர் போகவில்லை. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் சின்னமனூர்ச் சம்பந்தம் கைநழுவியது. அன்றைக்கும் நீ சாப்பிடவில்லை. அதற்கு அடுத்துத்தான் கவிதாவின் அப்பா வந்தார். பெண் பார்க்கும் பேச்சு எடுப்பதற்கு முன்னாலேயே, அனுமந்தன்பட்டியில் இருந்து அவர் மட்டும் தனியாக வந்தார். நீ மலையில் இருந்தாய், எனக்கு அன்று காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. இதை உன்னிடம் இதுவரை சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீ ராசுவிடம் சண்டைக்குப் போவாய் என்பதுதான்.

தான் யார் என்று சொல்லாமல் ஸ்டாண்டில் நின்று டீ குடித்துக்கொண்டே உன்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். அவர் விசாரித்தது ராசுவிடம். நேரே நம் வீட்டுக்கு வந்து, தின்பண்டத்தைப் பையோடு கையில் வைத்துக்கொண்டு, உட்காராமலே என்னிடம் கேட்டார்: "ஒங்க மகனப் பத்திக் கேட்டேன் ஆத்தா. மலைய எறங்கப் பயந்துக்கிட்டு, பாதியில ஆளுகள எறக்கி விட்டவர்னு சொன்னாக. நெசமா?"

எனக்குக் காய்ச்சலோடு கோபமும் ஏறியது. இதுவும் போயிற்று என்றே நினைத்தேன். போகிறது போகட்டும் என்று, "நெசந்தான். வண்டி நெறையப் பொம்பளைகள வச்சுக்கிட்டு எறங்கப் பயந்தான். நாளைக்கும் பயப்படுவான். ஒங்களுக்குப் பிடிக்கலன்னா வேற எடம் பாத்துக்கங்க" என்றேன்.

அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

"வேற எடமெல்லாம் பாத்துட்டுத்தான் ஆத்தா இங்கன வந்தேன். போன எடத்துலெல்லாம் மாப்ள எதுக்கும் அஞ்சாதவருன்னுதான் பெருமையாச் சொன்னாக. எம்மக ஏறி ஒக்காந்த வண்டிய ஓட்டுறவனுக்குப் பயம் இருக்கணும். பொண்ணு பாக்க எப்ப வாரீக?"

இப்போது சொல், ஜீப்பை எதற்காக விற்கிறாய்? ராசு கல்யாணத்துக்கு வரட்டும். முதல் பந்தியில், முதல் இலையில் உட்காரட்டும். என் மகனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவனுக்கு என் கையாலேயே பாயசம் ஊற்றுகிறேன்.

உன் அம்மா